மூச்சு விடாத படங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கினால் அதில் பாதி பொய்யாகிவிடும். ஆகவே அதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். அப்பா பக்கத்து அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், பதறாதே. ஆனால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. வெகு நாளாகவே வாங்குகிறது போலிருக்கிறது. நம் இரண்டு பேரிடமும் மறைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நீ சொன்னால் கேட்பார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நீ கூப்பிட்டாலே அவர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு நடுவில் நின்றுவிடுகிறார். மெசேஜ் அனுப்பினாலும் எனக்கு முன்னால் அவர்தான் படிக்கிறார். தாளில் எழுதினால் சந்தேகம் வராது. போட்டோ சாருக்குக் குறிப்பு எழுதுகிறேன் என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் சொல்லியும் இருக்கிறேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். எல்லாம் நீ சேர்த்துவிட்ட அந்த போட்டோ வகுப்பால் வந்தது. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் அப்பாவைப் படுத்தி எடுக்கிறேன் என்று நீங்கள் இருவரும் கூடிப் பேசி, கேமராவும் வாங்கி அனுப்பி, என்னை மாணவியாக்கினீர்கள். ஆயுசில் பாதியை எக்ஸ்ரே அறையில் கழித்தவளுக்குப் படம் எடுக்கவா தெரியாது என்று நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் ஆரம்பித்தேன். முதல் பயிற்சி, தெரிந்தவர்களை உருவப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். அப்பா, கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர், வீட்டுக்கார அம்மா, மூன்று பேரையும் எடுத்தேன். தெருமுனை பிரிண்ட் கடைக்காரர்தான் எனக்காக மெயில் அனுப்புகிறார். பதில் வந்தாலும் அவர்தான் தாளில் எடுத்துக் கொடுப்பார்.

பதில் வந்த அன்று அப்பாவே போய் வாங்கி வந்தார். வாங்கி வந்தவர் என் கையில் கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் மைக் முன்னால் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் வண்டி அறிவித்தவர், சும்மா படிப்பாரா? தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘பயணிகளின் கவனத்திற்கு’ என்று ஆரம்பித்துவிட்டார். ஒளி நன்றாக அமைந்திருக்கிறதாம். கூர்மையில் குறை சொல்ல ஒன்றும் இல்லையாம். இத்தனை அசைவில்லாத படங்களை வேறு எந்த மாணவரிடமும் பார்த்ததில்லையாம். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. அடுத்த வரியிலிருந்துதான் பிடித்துக்கொண்டது.

அந்த சார் எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன். ‘உங்கள் படங்களில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. மூவரும் ஏன் சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள்? ஏன் எல்லோருடைய தாடையும் மேலே தூக்கியிருக்கிறது? கைகளை இடுப்பில் வைத்துத் தோள்களை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது உங்கள் ஊர் வழக்கமா? ஒவ்வொருவருக்கும் முன்பக்கம் ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் அனுப்பியிருக்கிறீர்கள். இவர்கள் ஏதாவது வழக்கில் சம்பந்தப்பட்டவர்களா? தவிர, எல்லோருடைய இடது தோளுக்கு மேலும் சுவரில் எல் என்று ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறதே, அது என்ன?’

அது என்ன என்று உனக்குத் தெரியும். இடது வலது குறிக்காமல் படம் எடுக்க எனக்குக் கை ஓடாது. குறிக்காமல் விட்ட ஒரு படத்தால் என்னென்ன விபரீதம் நடக்கும் என்று வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் சீனியர் சொல்லிப் பயமுறுத்தியது இன்னும் போகவில்லை. மூச்சு விஷயமும் அப்படித்தான். கேமராவைக் கண்ணில் வைத்ததும் வாய் தானாக, ‘நல்லா மூச்சை இழுங்க, அடக்குங்க, ஆடாதீங்க’ என்று சொல்லிவிடுகிறது. தையல்காரர் பாவம். அவரை அடக்கச் சொல்லிவிட்டு நான் கேமராவில் ஏதோ பட்டனைத் தேடிக்கொண்டிருந்தேன். ‘விடுங்க’ என்று சொல்லவே மறந்துவிட்டது. மனிதர் முகம் சிவந்து, கண் பிதுங்கி, மரியாதைக்காக அப்படியே நின்றுகொண்டிருந்தார். போட்டோவில் அது நன்றாகவே விழுந்திருக்கிறது.

அப்பா இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் அவர் நிறுத்தி நிறுத்திப் படித்ததை, என்னைச் சீண்டுவதற்காக இழுக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரு காலத்தில் கடைசி ஊர் வரை அத்தனை நிறுத்தங்களையும் ஒரே மூச்சில் சொல்லுவார், நீ கூடச் சின்ன வயதில் அதைச் சொல்லிக்காட்டச் சொல்லி அவர் மடியில் ஏறி உட்காருவாயே, அந்த மனிதர்.

எனக்கு இரண்டு நாள் கோபம். வகுப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கேமராவைத் துணிக்கடியில் வைத்துவிட்டேன். சார் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கோபத்துக்குக் காரணம். அப்பா விடவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ‘குழம்பு எப்படி இருக்கு?’ என்று நான் கேட்டதற்கு, வழக்கம்போல ‘டாக்டர் பார்த்துச் சொல்வார்’ என்றார். அந்தக் கேலிக்கு உன் வயதிருக்கும். எக்ஸ்ரே எடுக்கிறவள் பார்த்ததை வாய் திறந்து சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் சட்டம். யார் கேட்டாலும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லுவேன். சொந்தக்காரர்கள் படத்தை வீட்டுக்கே கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டும்போதும் அதையேதான் சொல்லுவேன். அவர்கள் போனதும் அப்பா என் பக்கம் திரும்பி, ‘பாவம், கஷ்டந்தான் போல’ என்பார். இல்லாவிட்டால், ‘சும்மா சளிதானே’ என்பார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால், குரலை வைத்துப் பிழைக்கிறவனுக்குக் குரல் தெரியாதா என்பார்.

சரி, கதைக்கு வருகிறேன். இரண்டாவது பயிற்சி என்னவென்றால், ஒரே ஒருவரை அவர் அன்றாடம் செய்கிற வேலைகளில் பல நாள் கவனித்து எடுக்க வேண்டும். நிற்கச் சொல்லக்கூடாது, பார்க்கச் சொல்லக்கூடாது. கடைசியில் ஒரு வரி எனக்கென்றே சேர்த்திருந்தார்: ‘தயவுசெய்து அவரை மூச்சு விட விடுங்கள்.’ எனக்கு அப்பாவை விட்டால் யார் இருக்கிறார்கள்? சொல்லாமலே எடுக்க ஆரம்பித்தேன். ஷேவ் செய்யும்போது, செருப்பு மாட்டும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, காய் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது. கடைசிப் படங்களுக்காக நான் மேல் படியில் துணி காயப்போடுகிற சாக்கில் ஒளிந்து நின்றேன். இந்த வயதில் கட்டிய புருஷனை ஒளிந்து பார்ப்பதும் ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

பிரிண்ட் போட்டு வாங்கி வந்து மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். ஆஸ்பத்திரியில் படங்களைப் பழையதிலிருந்து புதியது வரை அடுக்கிப் பார்ப்போமே, அந்தப் பழக்கம். எது நன்றாக விழுந்திருக்கிறது என்று பொறுக்கத்தான் உட்கார்ந்தேன். படியில் எடுத்ததை மட்டும் சேர்த்து வைத்தபோது கை நின்றுவிட்டது. எல்லாப் படத்திலும் அவர் அதே இடத்தில் நிற்கிறார், முதல் மாடி திருப்பத்தில். ஒரு கை கம்பியில். உதடு விசில் அடிக்கிற மாதிரிக் குவிந்திருக்கிறது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கிறது. காலர் எலும்புக்கு மேலே ஒரு குழி, விரல் வைக்கலாம் போல. செருப்பு மாட்டுகிற படத்தில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், செருப்பு இன்னும் தரையில்தான் கிடக்கிறது. எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் இப்படி உட்கார்ந்தவர்களை நான் கூட்டங்கூட்டமாகப் பார்த்திருக்கிறேன், பாப்பா. பேரைக் கூப்பிடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். சுவரில் சாய்த்து மூச்சை அடக்கி எடுத்த படத்தில் அவர் சிப்பாய் மாதிரி இருந்தார். மூச்சு விட விட்டபோதுதான் தெரிகிறது.

படங்களை அப்படியே மேஜையில் விட்டேன். கீழே போய்த் தையல்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். ‘சார் தினமும் இங்கதானே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிட்டு அப்புறம் மேல போவாரு’ என்றார். பேச்சென்றால் என்ன பேச்சு என்று கேட்டதற்கு, சார் ஒன்றும் பேச மாட்டார், நான்தான் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்றார். உன் அப்பா, பேச்சில்லாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். நான் அவரைக் கடைக்குப் போனால் ஊர்க்கதை பேசிவிட்டு நேரங்கழித்து வருகிறார் என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன். அவரும் ஆமாம் ஆமாம் என்று வாங்கிக்கட்டிக்கொண்டார்.

படங்களைக் காட்டிக் கேட்டேன். முதலில் விசில் அடித்தேன் என்றார். எங்கே இப்போது அடியுங்கள் பார்ப்போம் என்றேன். அப்புறம் வயசு என்றார். அப்புறம், மாடிப்படி ஏறினால் யாருக்குத்தான் வாங்காது என்றார். வாருங்கள், ஒரு படம் எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றதற்கு, ‘அந்த ரூம்ல நான் சட்டையைக் கழட்டிட்டு நிக்க மாட்டேன். எல்லாரும் உன் ஆளுங்க’ என்றார். கடைசியில்தான் விஷயம் வந்தது. ‘பாப்பாகிட்ட மட்டும் சொல்லாத. இப்பத்தான் புது வேலைல உட்கார்ந்திருக்கா. லீவு கேட்டு நிக்க வேணாம்.’ நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ ஒன்று செய். உனக்குத் தெரிந்துவிட்டது என்று காட்டிக்கொள்ளாதே. புது வேலையில் காப்பீட்டுக்குப் பெற்றோரின் மருத்துவப் பரிசோதனை கேட்கிறார்கள் என்று எதையாவது சொல்லு. உனக்காக என்றால் சட்டையைக் கழற்றுவார்.

*

இதற்கு மேலே எழுதியதைப் போன வாரம் எழுதி உறைக்குள்ளும் வைத்துவிட்டேன். ஒட்டவில்லை. அதற்குள் வேறு சிலது நடந்துவிட்டது. அதனால் பொய் எதுவும் நீ சொல்ல வேண்டியதில்லை. மிச்சத்தையும் எழுதிச் சேர்த்தே அனுப்புகிறேன்.

அந்த வாரம் முழுக்க நான் கத்தினேன், அழுதேன், சமைக்க மாட்டேன் என்றுகூடச் சொன்னேன். அவர் அசையவில்லை. நான் கத்தினால் அவருக்குப் பயமில்லை, என் கத்தலுக்குப் பழகியவர். பிறகு ஒருநாள் சாயங்காலம், சாருக்கு அனுப்ப வேண்டிய படங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். வாக்குவாதம் ஒன்றும் இல்லை, என் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றவர் படியில் நிற்கிற படத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘எப்படி வந்திருக்கு?’ என்றார், சாதாரணமாக. நானும் நிமிர்ந்து பார்க்காமல், ‘சார் பார்த்துச் சொல்வார்’ என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வாய் தானாகச் சொல்லிற்று. சொன்ன பிறகுதான் அந்தக் குரலை நானே கேட்டேன். அவர் படத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். பேப்பரை எடுத்தார், பக்கத்தைத் திருப்பவில்லை.

காலையில் நான் எழுந்திருக்கும்போது குளித்து முடித்து, உன் பட்டமளிப்புக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார். ‘பயணிகளின் கவனத்திற்கு’ என்றார். ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, ‘வண்டி புறப்படத் தயார்’ என்றார். நான் முகம் கழுவப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வரும்போது அழுத சுவடில்லாமல்தான் வந்தேன்.

என் பழைய அறை மாறிவிட்டது. ஃபிலிம் இல்லை, இருட்டறை இல்லை, எடுத்த மறுகணம் திரையில் வந்துவிடுகிறது. என்னோடு வேலை பார்த்தவள்தான் இப்போது பொறுப்பில் இருக்கிறாள். அக்கா அக்கா என்று ஓடிவந்தாள். அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, தட்டில் மார்பை ஒட்டி நிற்க வைத்து, தாடையைத் தூக்கி, தோளை முன்னால் தள்ளிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் வந்தாள். வந்தவள், ‘நீங்களே சொல்லுங்கக்கா, உங்க குரல்னா சார் கேட்பாரு’ என்று மைக்கை என் பக்கம் தள்ளினாள். நான் சொன்னேன். நல்லா மூச்சை இழுங்க. அடக்குங்க. அவரால் அடக்க முடியவில்லை, இருமிவிட்டார். திரும்பச் சொன்னேன். இந்த முறை அடக்கினார். என் ஆயுசில் அத்தனை சீக்கிரம் நான் யாரிடமும் ‘விடுங்க’ என்று சொன்னதில்லை.

படம் திரையில் வந்தது. நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு அவள் எழுந்து அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிடப் போனாள். அது அவள் வேலையே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தையல்காரர் கடையில் இரண்டு பேருமாக உட்கார்ந்தோம், இனி ஒளிக்க ஒன்றுமில்லையே. அங்கே எங்களுக்காக பிரிண்ட் கடைக்காரர் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவரிடம் கொடுத்துவிட்டுப் போன படங்களுக்கு சாரின் பதில். இந்த முறை மனிதர் உடனே எழுதிவிட்டார். அப்பாதான் படித்தார், தையல்காரருக்கும் கேட்கட்டும் என்று அறிவிப்புக் குரலில், விட்டு விட்டு.

‘இதுதான் படம். இவரை எனக்கு நேரில் தெரிந்தது போல் இருக்கிறது. குறிப்பாகப் படித்திருப்பத்தில் நிற்கும் காட்சி. வீட்டுக்குப் போக அவசரமே இல்லாத ஒரு மனிதர், பாதி வழியில் நின்று, தனக்குள் ஒரு பாட்டை விசிலடிக்கிறார். அந்த நிதானத்தை நீங்கள் அன்போடு பார்த்திருக்கிறீர்கள். இந்த வகுப்பில் இதுவரை நான் கொடுத்த மதிப்பெண்ணில் இதுவே அதிகம்.’

விசில் என்று சாரே சொல்லிவிட்டார் பார்த்தாயா என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த சார் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பார்த்ததும் அந்தப் படத்தில் இருக்கத்தான் செய்கிறது. தாளை அப்பா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டுகிறார்.

அவருக்கு எதற்கும் பயமில்லை, உன்னைத் தவிர. நீ அழுவாய் என்றுதான் பயம். அதனால் இங்கே வந்து அழாதே. வந்தால், சின்ன வயதில் கேட்டது போல அந்த நிறுத்தங்களையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேள். நடுவில் நின்றால் அவசரப்படுத்தாமல் இரு, அவரே மீதியைச் சொல்லுவார்.

நுரையீரல் டாக்டர் திங்கட்கிழமைதான் வருகிறார். படத்தில் நீ என்ன பார்த்தாய் அம்மா என்று கேட்பாய். போனில் கேட்டால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். எப்படி இருக்கிறது என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

நீ அதற்கு முன்னால் வந்துவிடு, என் கண்ணே.

உன் வரவை எதிர்பார்த்து,
அம்மா